இந்த வருடத்து விரதங்கள்

செப்டெம்பர் 13, சனிக்கிழமை

வேலை நின்ற பிறகு இன்றுதான் வீட்டை ஒழுங்காகக் கூட்டித் துடைத்தேன். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சமையற்கூடத்தில் பதினொரு வருடமாக விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவள் நான். ஒரு சின்னப் பாண், ஒரு வெண்ணெய்க் கட்டி, ஒரு கேக் துண்டு, மூடி போட்ட சூட்டுப் பெட்டி. என் கை பட்ட சாப்பாட்டை ஆகாயத்தில் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. சனம் பறப்பதைக் குறைத்துவிட்டது, கம்பனி ஆட்களைக் குறைத்துவிட்டது. ஏஜென்சி மூலம் வந்தவர்களை முதலில் போகச் சொன்னார்கள். அதைச் சொன்ன மேற்பார்வையாளர் அழுதாள். அவளுக்கும் அடுத்த மாதத்தோடு வேலை இல்லையாம். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அரசாங்க உதவிப்பணத்துக்கு மகள் அபிரா கணினியில் விண்ணப்பித்துத் தந்தாள். முதல் பணம் வர ஐந்து வாரமாகுமாம். அவசரமென்றால் முற்பணம் தருவார்களாம், பிறகு கழிப்பார்களாம். வேண்டாமென்றேன். கையில் கொஞ்சம் இருக்கிறது. இருப்பதை வாடகைக்கு ஒதுக்கிவிட்டால் மற்றதைச் சமாளிக்கலாம்.

"வீட்டிலை சும்மா இருந்தா யோசிச்சுக்கொண்டே இருப்பியள். ஏதாவது எழுதுங்கோ அம்மா" என்று சொன்னவளும் அவள்தான். எழுதுகிறேன்.

செப்டெம்பர் 20, சனிக்கிழமை

புரட்டாசிச் சனி. இன்று விரதம். எள்ளெண்ணெய் விளக்கேற்றி, மதியம் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டேன். அபியின் அப்பா உயிரோடு இருந்தபோது இதை அவர்தான் பிடிப்பார். எனக்கு விரதமென்றால் சஷ்டி மட்டும்தான், அதிலும் பால், பழம் எல்லாம் உண்டு. இந்த வருடம் அவருக்குப் பதிலாக நான் பிடிக்கலாமென்று தோன்றியது.

செப்டெம்பர் 24, புதன்கிழமை

நவராத்திரி தொடங்கிவிட்டது. ஒன்பது நாளும் ஒரு நேரச் சாப்பாடு.

பின்னேரம் சுப்பர்மார்க்கெற்றில் விலை குறைத்து மஞ்சள் லேபல் ஒட்டும் நேரத்துக்குப் போனேன். போன வருடம் அந்த நேரத்தில் நாலைந்து பேர்தான் நிற்பார்கள். இன்று கோட் சூட் போட்ட ஒருவர்கூட நின்றார். எவரும் எவரையும் பார்க்கவில்லை. கரட்டும் ஒரு பெட்டி காளானும் கிடைத்தன. காளானை மிளகு போட்டுப் பிரட்டினேன். இறைச்சிக்கறி மாதிரியே இருந்தது.

செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை

அபிராவில் எனக்குக் கோபம். அவளுக்கென்று சோறும் பருப்பும் வைத்திருந்தேன். வந்தவுடன் "நான் ஜஸ்லீன் வீட்டிலை சாப்பிட்டிட்டன் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள். ஜஸ்லீன் அவளோடு படிக்கும் சீக்கியப் பிள்ளை. நல்ல குடும்பம். ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு வீட்டில் எத்தனை நாள் சாப்பிடுவது? பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கும் பாணும் சில நாள் அப்படியே திரும்பி வருகிறது. பசிக்கவில்லையாம். பதினேழு வயதில் பசிக்காமல் இருக்குமா? மெலியப் பார்க்கிறாள் போலிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதானே.

நானோ நவராத்திரி விரதத்தில் இருக்கிறேன், எப்படிச் சாப்பிடுவது? சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அக்டோபர் 2, வியாழக்கிழமை

கேதாரகௌரி விரதம் தொடக்கம். தீபாவளி வரை. அபிரா கேட்டாள்.

"அம்மா, நேற்றுத்தானே நவராத்திரி முடிஞ்சது?"

"இது வேறை. கௌரி காப்பு."

"அது புருசன்மாருக்காகப் பிடிக்கிறது எண்டு அப்பா சொன்னவர். அப்பா இருக்கேக்குள்ளையே நீங்கள் பிடிக்கேல்லை."

"அம்மனுக்கு எல்லாரும் ஒண்டுதான். நீ போய்ப் படி."

இந்தப் பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்கிழமை

உதவிப்பண விண்ணப்பம் மூடப்பட்டுவிட்டது. அடையாளம் காட்ட நேரில் வரச் சொல்லி இணையக் கணக்கில் செய்தி போட்டிருந்தார்களாம். கடிதம் வரும், கடிதம் வரும் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கணினிக்குள் இருந்திருக்கிறது. அபிராவுக்குச் சொன்னால் தன் பிழையென்று நினைப்பாள். பரீட்சை வேறு நெருங்குகிறது. தொலைபேசியில் கேட்டபோது அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். திரும்பவும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். நூலகத்தில் ஒருவர் உதவி செய்தார், விண்ணப்பித்துவிட்டேன்.

ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, டொக்டர் தந்த குளிசையைப் போட்ட பிறகு கை நடுங்கியது. குளிர்தான். ஹீற்றரைப் போடவில்லை.

அக்டோபர் 20, திங்கட்கிழமை

தீபாவளி. உளுந்து கொஞ்சம் இருந்தது, வடை சுட்டேன். பக்கத்து வீடுகளில் வாணம் விட்டார்கள். ஜன்னலில் நின்று அதைப் பார்த்தோம். தட்டில் இருந்த வடைகளை நான் அவள் பக்கம் தள்ள, அவள் என் பக்கம் தள்ள, கடைசியில் இரண்டு வடை ஆறிப்போய்க் கிடந்தன. "நாளைக்குச் சாப்பிடுவம்" என்றாள். சரியென்றேன். நாளையோடு கௌரி முடிகிறது. நாளை மறுநாள் கந்தசஷ்டி தொடங்குகிறது.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை

எழுதி ஆறு நாளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குளிசை போட்டுவிட்டுப் படியிறங்கினேன். பாதிப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு அபிராவின் குரல்தான் கேட்டது. "அம்மா! அம்மா! என்னைப் பாருங்கோ!" அவள் ஒரு கையால் என் தலையைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் அம்புலன்சுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். குரல் நடுங்காமல் விலாசம் சொன்னாள். வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிட்டதாம். ஏதோ இனிப்புக் களிம்பை வாயில் தடவினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னென்னவோ ஆகியிருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அங்கே லின்ஸி என்று ஒரு கேரளத்துத் தாதி. "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"கந்தசஷ்டி விரதம்" என்றேன்.

"அதற்கு முதல்?"

"அது கௌரி விரதம்."

"அதற்கும் முதல்?"

நான் நவராத்திரி என்று சொல்ல வாயெடுத்தேன். கால்மாட்டில் நின்ற அபிரா முந்திக்கொண்டாள். எல்லோருக்கும் விளங்கட்டுமென்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அம்மாவுக்கு விரதமில்லை. வீட்டில் சாப்பாடு இல்லை."

அவளை முறைத்தேன். பிறகு அந்தத் தாதியைப் பார்க்க முடியாமல் போர்வையைப் பார்த்தேன்.

லின்ஸி திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது இரண்டு தட்டில் வாட்டிய பாணும் வெண்ணெயும் ஜாமும் கொண்டுவந்தாள். ஒன்றை என் மடியில் வைத்தாள். மற்றதை அபிராவிடம் கொடுத்து, "நீயும் இரு மோளே" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். அபிரா சாப்பிட்டாள். பாணை இரண்டாக மடித்து, வாயிலிருந்ததை விழுங்கு முன்னமே அடுத்த துண்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். விரலில் ஒட்டிய ஜாமை நக்கினாள். தட்டில் விழுந்த தூளை விரலால் ஒற்றி எடுத்தாள். சிநேகிதி வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிற பிள்ளை அப்படிச் சாப்பிடாது.

"அபி, ஜஸ்லீன் வீட்டிலை உனக்கு என்ன சாப்பாடு தாறவை?"

அவள் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "நான் அங்கை போறேல்லை அம்மா. சில நாள் அவளோடை சவுத்தாலிலை இருக்கிற குருத்வாராவுக்குப் போவன். அங்கை எல்லாருக்கும் சாப்பாடு குடுப்பினம், ஒண்டும் கேக்க மாட்டினம். மற்ற நாளிலை..."

"மற்ற நாளிலை?"

"நான் சாப்பிட்டா உங்களுக்குக் காணாது எண்டு தெரியும். நான் சாப்பிடாட்டி நீங்கள் சாப்பிடுவியள் எண்டு நினைச்சன்."

அவள் எனக்கென்று விட்ட சோற்றை நான் அவளுக்கென்று விட்டேன். இரண்டு பேரும் விட்டதில் எத்தனை தரம் சோறு புளித்துப் போனது. இருந்த கொஞ்சத்தையும் நாங்கள் வீணாக்கியிருக்கிறோம்.

நான் அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே என் தட்டில் மீதியிருந்த பாணைக் காட்டி, "அதைச் சாப்பிடுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றாள்.

அக்டோபர் 30, வியாழக்கிழமை

லின்ஸிதான் ஆஸ்பத்திரியில் உள்ள சமூக உதவி அலுவலரிடம் சொல்லி உணவு வங்கிக்குச் சீட்டு எடுத்துத் தந்தாள். வீட்டுக்குக் கிட்ட ஒரு தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கிறது. சுப்பர்மார்க்கெற் வாசலில் இருக்கும் அவர்களுடைய கூடையில் நானே தகரத்தில் அடைத்த சாப்பாட்டு ரின் போட்டிருக்கிறேன். அந்த ரின் எல்லாம் யாருக்குப் போகிறதென்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மழை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுப் போனேன். தெரிந்தவர்கள் எவரும் இருக்கக்கூடாதென்று முருகனை வேண்டிக்கொண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளின் முதுகைப் பார்த்ததும் முருகன் கைவிட்டுவிட்டானென்று தெரிந்தது. மன்னார் புளோரா அக்கா. பதினொரு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று தட்டு அடுக்கியவள். என்னோடு ஒரே நாளில் வேலை இழந்தவள். அதற்குப் பிறகு நான் அவளுக்கு அழைப்பு எடுக்கவில்லை, அவளும் எனக்கு எடுக்கவில்லை.

திரும்பினாள். இரண்டு பேருக்கும் முகம் ஓடிக் கறுத்தது.

"மலர்! நீர் எங்கை இஞ்சாலை?"

"சும்மா... இந்தப் பக்கம் வந்தனான். நீங்கள்?"

"நானும் சும்மாதான். மழைக்கு ஒதுங்கினனான்."

என் கையிலும் சீட்டு, அவள் கையிலும் சீட்டு. மழைக்கு ஒதுங்கிய நாங்கள் இரண்டு பேரும் மழைக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம். முதலில் சிரித்தது அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவி என்னவென்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

உள்ளே கிளைவ் என்று ஒருவர். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவராம், பெரிய உடம்பு. சீட்டை வாங்கு முன்னமே, "வெளியில் நனைந்திருக்கிறீர்கள், தேநீரா கோப்பியா?" என்று கேட்டார். கதிரையை இழுத்துப் போட்டார். ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று ஒரு கேள்வி இல்லை. என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிட மாட்டீர்கள் என்றுதான் கேட்டார்.

"எனக்குச் சீனி வருத்தம்" என்றேன். இதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை நாள் எடுத்தது.

"அப்படியென்றால் இந்த இனிப்புப் பிஸ்கற்றை எடுத்துவிட்டு ஓட்ஸ் போடுவோம். பருப்புக் கறி சமைப்பீர்களா? கொண்டைக்கடலை ரின் நிறைய இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை."

"இஞ்சை தாங்கோ எல்லாத்தையும்" என்று புளோரா அக்கா தமிழில் சொல்லிக் கையை நீட்டினாள். அவருக்கு விளங்கிவிட்டது.

பைகளைத் தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் நின்று நின்று வந்தோம். வழியில் புளோரா அக்கா சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா உம்மையும் முதலே கூட்டியந்திருப்பன் மலர். நான் வாறது இது மூண்டாந்தரம்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

வீட்டுக்கு வந்து கொண்டைக்கடலைக்கு வெங்காயமும் கருவேப்பிலையும் தாளித்துப் பிரட்டினேன். அபிராவும் நானும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். இனி ஒருவர் இல்லாமல் மற்றவர் சாப்பிடுவதில்லை என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள்.

நவம்பர் 6, வியாழக்கிழமை

மண்டபத்திலேயே ஒரு மூலையில் ஆலோசனை மேசை இருக்கிறது. ஹர்ஜீத் என்ற பெண் என் உதவிப்பண விடயத்தை எடுத்துப் பார்த்தாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்ததைக் காட்டி எழுதினாள். பிள்ளைக்குப் பள்ளியில் இலவச மதியச் சாப்பாடு கேட்கலாம் என்றும் அவள்தான் சொன்னாள். உதவிப்பணம் முடிவாகும் வரை பார்த்துக்கொண்டிராமல், பள்ளியில் நேரே பேசிப் பார்க்கச் சொன்னாள்.

பேசினேன். அபிராவின் ஆசிரியை, "முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். நாளை முதல் அவளுக்குச் சாப்பாடு உண்டு. வீட்டுக்கு வந்து சுவாமி அறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

அபிராவோடு குருத்வாராவுக்குப் போனேன். என் பிள்ளைக்குச் சோறு போட்ட இடத்தை நான் பார்க்க வேண்டாமா? தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு நிலத்தில் வரிசையாக இருந்தோம். ரொட்டியும் பருப்பும் பாற்சோறும். வாளியோடு வந்த பெரியவர் அபிராவை அடையாளம் கண்டு, "கொஞ்சம் கூடப் போடட்டுமா மகளே?" என்றார். அவள் கையேந்தி வாங்கினாள்.

சாப்பிட்டு முடிய சமையற்கூடத்துக்குப் போய், ஏதாவது வேலை தாருங்கள் என்றேன். ஒரு மூட்டை வெங்காயத்தைக் காட்டினார்கள். பதினொரு வருடக் கை, மறக்குமா? பக்கத்தில் இருந்த பெண்கள் என் வேகத்தைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பஞ்சாபியில் சொல்லிச் சிரித்தார்கள். வெங்காயம் உரித்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது நல்லதாகப் போய்விட்டது.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை

உதவிப்பணம் வந்துவிட்டது. ஹீற்றரைப் போட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை

பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்குகிறது. காலையில் விளக்கேற்றி, "பிள்ளையாரப்பா, நீ மோதகம் தின்கிற பிள்ளை, உனக்கு விளங்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்ஸ் கஞ்சியும் முட்டையும் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் குளிசை. அபிரா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விரதத்திலை முட்டையா அம்மா?"

"அவருக்குச் சொல்லிப்போட்டன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"வடிவாச் சாப்பிடச் சொன்னவர்."

டிசம்பர் 18, வியாழக்கிழமை

உணவு வங்கியில் கிறிஸ்மஸ் பொதி. புளோரா அக்காவுக்கும் எனக்கும் ஒரு நற்செய்தி. போன வியாழன் கிளைவ் சொன்னார், ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறைக்கு ஆட்கள் எடுக்கிறார்களாம். கிளைவின் மகள் அங்கே வேலை செய்கிறாள். "இரண்டு பேர் தேவை. நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள்" என்றார் கிளைவ். இன்று காலை நேர்முகத்துக்குச் சேர்ந்தே போனோம். ஒரே நேரத்தில் எவ்வளவு பேருக்குச் சாப்பாடு பரிமாறியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு விமானம் நிரம்ப. ஒன்றல்ல, வரிசையாக" என்றாள் புளோரா அக்கா. எனக்கு ஆங்கிலம் தடுமாறியபோதெல்லாம் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள்.

ஜனவரி பிறந்ததும் வேலை. அபிராவுக்குச் செய்தி அனுப்பினேன். பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருந்ததாம். எழுந்து கழிவறைக்குப் போய் அங்கே நின்று கத்தினாளாம்.

ஜனவரி 9, வெள்ளிக்கிழமை

பள்ளிச் சமையலறையில் முதல் வாரம். ஐந்து வயதுப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வருகிறார்கள். விமானத்துச் சாப்பாட்டை எவர் சாப்பிடுகிறாரென்று ஒருநாளும் கண்டதில்லை. இங்கே முகத்துக்கு நேரே நின்று சாப்பிடுகிறார்கள். ஒரு சின்னவள் பட்டாணி வேண்டாமென்றாள். உருளைக்கிழங்கைக் கொஞ்சம் கூட வைத்தேன். அப்படிச் செய்யலாமா என்று கேட்பதுபோலச் சமையற்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

ஜனவரி 31, சனிக்கிழமை

சம்பளம் வந்த பிறகு வந்த முதல் சனி. தமிழ்க் கடையில் மீன் வாங்கினேன். எத்தனை மாதம்! விளைமீன், நல்ல கண். வெட்டித் தந்த பெடியன் "பொரிக்கவோ குழம்புக்கோ அன்ரி?" என்றான். பொரிக்க என்றேன். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி ஊறவைத்து, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் பொரித்தேன். மாடிப்படி முழுக்க மணம். கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. கேட்கட்டும்.

சோறு, பருப்பு, கீரை, மீன். எதிரெதிரே இருந்தோம். ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டு முடிய, தட்டில் ஒன்று மிஞ்சியது. நடு முள்ளோடு கூடிய பெரிய துண்டு, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லப் போவது அவளுக்குத் தெரியும். பிறந்த நாளிலிருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்தவள்: எனக்குப் போதும், நீ சாப்பிடு.

எனக்குப் போதவில்லை. எனக்கு அந்த மீன் வேண்டும்போல் இருந்தது. கையை நீட்டி அதை எடுத்து என் சோற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

"அம்மா! அது எனக்கு!" என்று கத்தினாள் அபிரா.

"நீ ரெண்டு சாப்பிட்டனி."

"நீங்களுந்தான் ரெண்டு சாப்பிட்டனீங்கள்! நான் வளர்ற பிள்ளை!"

"நான் வேலை செய்யிற மனுசி!"

அவள் மேசைக்கு மேலால் எட்டி வந்து பறிக்கப் பார்த்தாள். நான் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையோடு பின்னால் போனேன். சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது. அவள் ஒரு ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். மற்றது முழுவதையும் நானே சாப்பிட்டேன், முள்ளைச் சூப்பி முடியும் வரைக்கும்.